மூணு மாடிப் பலாப்பழம்

மொட்டப்பாறைப் பந்தல்காரங்க மூணு பேரப் பத்திச் சொல்றேன். வாயில காப்பி கீப்பி வச்சிருந்தா முழுங்கிட்டுக் கேளுங்க.

மேஸ்திரி பேரு வெயிலுகந்தான். கூட வேலை பாக்குறவங்க சொரிமுத்து, பலவேசம். வெயிலுகந்தான் தன் கல்யாணத்துக்குத் தானே பந்தல் போட்டாரு. பந்தி நடக்கையில அது மாமனார் தலையில விழுந்துச்சு. இலைய விட்டு எந்திரிச்ச மனுஷன், "மாப்ள, நீ நட்டது ஏதாச்சும் ஒண்ணு நிக்கட்டும். அன்னிக்கு உங்கையால சாப்பிடுறேன்"னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் மக வீட்டுல பச்சத்தண்ணி தொடல.

இப்பக் கண்காட்சித் திடல்ல ஒரு ஓவியக்கார அம்மா, மூணு மாடி உசரத்துக்குத் துணியிலயே பலாப்பழம் தச்சுக் கொண்டாந்திருந்தாங்க. உள்ள காத்தடிச்சா நிக்கும். காத்து மிஷின்ல இருந்து பழத்துக்குத் துணிக்குழாய் இழுக்குற வேலை நம்ம ஆளுங்களுக்கு. மாமனாருக்கு ஆள் விட்டாச்சு. தூக்குவாளியில கோழிக்குழம்பும் சோறும் வந்தாச்சு.

"மிஷினையும் பழத்தையும் நகத்தாதீங்க. குழாய் எங்கயும் வளையாம நேராப் போகணும். நான் வர்ற வரைக்கும் பழத்தோட ஜிப்பத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு அந்தம்மா சாப்பிடப் போயிட்டாங்க.

மிஷினுக்கும் பழத்துக்கும் நட்டநடுவுல காஜா பாயோட டீக்கடை.

"அண்ணே, கடையச் சுத்திப் போனா குழாய் வளையுமே"ன்னான் சொரிமுத்து.

"வளையும்."

"அப்பக் கடைய வளைப்பமா?"

"கடைய எப்படிடா வளைக்கிறது? ஜன்னல் எதுக்கு வச்சிருக்கான்?"

ஒரு ஜன்னல்ல நுழைஞ்ச குழாய் எதிர் ஜன்னல்ல வெளிய வந்துச்சு. மிஷினப் போட்டதும் பொதபொதன்னு உப்பி, பெஞ்சுல இருந்த நாலு பேரச் சுவத்தோட ஒட்ட வச்சிருச்சு. "பாய், டீய வாயில ஊத்துங்க, கை வரல"ன்னாரு ஒருத்தரு.

ஆனா பழம் நின்னுச்சு. ஜம்முனு நின்னுச்சு.

மாமனார் வந்தாரு. பழத்தச் சுத்தி வந்தாரு. ஒரு தட்டு தட்டினாரு. "நிக்குது மாப்ள, ஒத்துக்கிடுறேன். ஆமா, உள்ள சுளை இருக்கா?"

மூணு பேருக்கும் மூஞ்சி செத்துருச்சு.

"சுளையில்லாத பலாவ நட்டோம்னு ஊரே சிரிக்குமேண்ணே"ன்னான் சொரிமுத்து.

"ஏன், நாம மூணு பேரு இல்லையா? உள்ள போயி உக்காந்தா சுளைதான்"னாரு வெயிலுகந்தான்.

"நானும் சுளையாண்ணே?"ன்னான் பலவேசம்.

"நீ சக்கைடா. இருந்தாலும் வா."

"ஜிப்பத் தொடக் கூடாதே?"ன்னான் சொரிமுத்து.

"குழாய் வழியாப் போகாதேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

மிஷின் வாயில குழாயக் கட்டின கயித்தக் கொஞ்சம் தளத்திக்கிட்டு, தூக்குவாளியோட மூணு பேரும் உள்ள தவழ்ந்தாங்க. பின்னால காத்து தள்ளுது. டீக்கடையத் தாண்டும்போது பாய்க்கு ஒரு சலாம் வச்சுட்டே போனாங்க. பழத்துக்குள்ள இலையப் போட்டு, "மாமா, சுளையும் ரெடி, சோறும் ரெடி. வாங்க"ன்னு குரல் குடுத்தாரு வெயிலுகந்தான்.

மாமனாரும் சொன்ன சொல்லு மாறாதவரு. அவரும் ஜிப்பத் தொடல, குழாய்க்குள்ளயே நுழைஞ்சாரு. போன தீவாளிச் சட்டைக்கே பட்டன் சேராத வயிறு அவருக்கு. டீக்கடைக்குள்ள வந்ததும் பாட்டில் மூடி மாதிரி அடைச்சுக்கிட்டாரு. காத்து அந்தப் பக்கம் போகல. பழம் மெல்லச் சுருங்கி, ஒருக்களிச்சு, தரையோட படுத்துருச்சு.

காஜா பாய் குழாயத் தட்டி, "பெரியவரே, ஒரு டீ போடவா?"ன்னாரு.

"சக்கரை கம்மியா"ன்னு குழாய் சொல்லுச்சு.

அங்க திடல்ல, படுத்த துணிக்கு அடியில மூணு மேடு. நடு மேடு பேசுது: "என்னடா இருட்டிருச்சு, மாமாவ இன்னும் காணல? பழம் விழறதுக்குள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டாருன்னா என் மானம் தப்பிச்சிரும்."

பக்கத்து மேடு சொல்லுச்சு: "அது எங்கண்ணே விழும்? அதான் நாம மூணு பேரும் தலையால முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கமே."