பட்டாணிக்கு அதன் வால்மேல் என்ன கோபம்?

கோணக்கரையில் அறிவுக்குப் பஞ்சம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது அப்பட்டமான பொய். அறிவு அங்கே மூட்டை மூட்டையாக இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகும் என்று கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சிக்கனமாக இருப்பது ஒரு குற்றமா?

அந்த ஊரில் ஒரு வீடு. மூத்தவன் மருதப்பன், அவன் மனைவி பொற்கிளி, இளையவன் சடையப்பன், அண்ணன்மார் இருவருக்கும் செல்லத் தங்கை வேம்பு. வேம்பு கல்லூரியில் படிக்கிறவள். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள். எதிரணி அன்றைக்கு வரவே இல்லை என்று சிலர் இன்னமும் முணுமுணுக்கிறார்கள். வராதவர்களையும் விட்டுவைக்காமல் வரிக்கு வரி மறுத்துப் பேசினாளே, அதை ஏன் ஒருத்தரும் சொல்வதில்லை?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் விவாதித்துத்தான் செய்வார்கள். விவாதத்தில் அகப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அகப்பை பெண்கள் கையிலேயே இருக்கிறது, இது அநியாயம் என்று அண்ணன்கள் முதலில் கொதித்தார்கள். "அப்போ நீங்க கிண்டுங்க, நீங்க பேசுங்க" என்றாள் வேம்பு. அன்றிலிருந்து பேசுகிற ஆசையில் மருதப்பனும் சடையப்பனும் அடுப்படிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பேச்சு முடிவதற்குள் குழம்பு கருகும். ஆனாலும் கருத்துச் சுதந்திரம் இருந்தது.

அந்த வீட்டு நாய்க்குப் பெயர் பட்டாணி. கண் திறக்காத குட்டியாக வாய்க்கால் ஓரம் கிடந்ததை வேம்புதான் தாவணியில் சுற்றி எடுத்து வந்தாள். அவள் பேசும்போது எழுந்து போகாத ஒரே உயிர் அதுதான். அதற்காகவே அவள் அதன்மேல் உயிராக இருந்தாள்.

பட்டாணிக்கு ஒரே ஒரு குறை. காலையில் எழுந்ததும் தன் வாலைத் துரத்த ஆரம்பிக்கும். சோறு வைத்தால் நிறுத்தும், தின்னும், மறுபடி துரத்தும். பம்பரம் தோற்றுப்போகும் சுற்று. வாசலில் நிற்கிறவர்களுக்குக் கண்ணைக் கட்டும்.

அடுத்த வீட்டில் தெய்வானை அத்தை இருந்தாள். இவர்களுடைய அப்பாவின் கூடப் பிறந்தவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். அத்தை அந்த வாசலில் அப்பளம் காயப்போடுவாள். பட்டாணி அதன்மேல் சுற்றும். ஒரு நாள் உளுந்து அப்பளம் பூராவும் பொடிப்பொடியாகப் போனதும் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இங்க பாருங்க. சந்தையன்னிக்குச் சூளைக்கார மாடக்கண்ணு லாரி எடுத்துட்டு வருவான். செங்கல் சூளைக்குக் காவலுக்கு ஆள் தேடிட்டு இருக்கான். அன்னிக்கு இந்த வாசல்ல எது சுத்திக்கிட்டு நிக்குதோ, அதைக் கட்டி ஏத்திட்டுப் போன்னு சொல்லிடுவேன். நான் சொன்னா சொன்னதுதான்."

சூளைப் புகையில் பட்டாணியா? அதன் மூக்கு என்ன ஆவது? சந்தைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வேம்பு அகப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கூட்டம் கூடியது.

"அதுக்கு அதோட வால்மேல கோபம்" என்றான் மருதப்பன், அகப்பையை வாங்கி.

"என்ன கோபம், பெரியண்ணே?"

"அது அவங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள விஷயம். நாம எப்படிக் கேக்கறது?"

சடையப்பன் அகப்பையைப் பிடுங்கினான். "கோபமெல்லாம் இல்ல. வால் தன்னோடதுன்னு அதுக்குத் தெரியல. பின்னாடி யாரோ வர்றாங்கன்னு நினைக்குது. வாலுக்கு ஒரு அடையாளம் வெச்சுட்டா தெரிஞ்சுடும்."

வேம்பு தன் சிவப்பு ரிப்பனை அவிழ்த்து வாலில் கட்டினாள். அதுவரை வெறும் வாலைத் துரத்திய பட்டாணி இப்போது ரிப்பன் கட்டிய வாலைத் துரத்தியது. வால் அழகாக இருந்ததால் வேகமும் கூடியது.

அடுத்து வேம்பு பேசினாள். "எல்லாரும் நல்லா கவனிங்க. இது எப்பவும் இடப்பக்கமாவே சுத்துது. சுத்தச் சுத்த உள்ள முறுக்கு ஏறியிருக்கும், ஊஞ்சல் கயிறு மாதிரி. நாம வலப்பக்கமா சுத்தி விட்டா மொத்தமும் கழண்டுடும். இதுல மறுக்க என்ன இருக்கு?"

மறுக்க ஒன்றுமில்லை. பட்டாணியைச் சாக்கில் படுக்கவைத்து, நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்து, வலப்பக்கமாகச் சுற்றினார்கள். சுற்றிச் சுற்றி நாலு பேரும் விழுந்தார்கள். பட்டாணி எழுந்து, மகிழ்ச்சியாக உடம்பை உதறிக்கொண்டு, இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? நாம ஏத்தின முறுக்கை அது இறக்குது" என்றாள் வேம்பு, தரையில் கிடந்தபடியே.

"அப்போ முன்னாடி இருந்த முறுக்கை யாரு ஏத்தினா?" என்றாள் பொற்கிளி.

அகப்பை கையில் இல்லாமல் பேசிய பேச்சு செல்லாது என்று அந்தக் கேள்வி தள்ளுபடி ஆனது.

கடைசியில் பக்கத்து ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா வெளியூர்க்காரர். நாயைப் பார்த்தார், தடவிக்கொடுத்தார். "இது ஒரு பழக்க நோய். சலிப்பு, பதட்டம், கொஞ்சம் கவனிப்புக்கான ஆசை. ரெண்டு விஷயம் பண்ணுங்க. நல்லா நடக்கக் கூட்டிட்டுப் போங்க. நல்லா களைச்சதும்தான் வீட்டுக்குள்ள கொண்டு வரணும். அப்புறம், சுத்தும்போது யாரும் அதைப் பார்க்காதீங்க. அதட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கங்க. சுத்தறதை நிறுத்தினதும் ஒரு பிஸ்கட் குடுங்க. புரிஞ்சுதா?"

கோணக்கரைக்காரர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது. நாலு பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது" என்றார்கள்.

மறுநாள் காலையில் சடையப்பன் பட்டாணியை வாய்க்கால் கரையோரம் நடத்திக் கூட்டிப் போனான். திரும்பி வந்தபோது வேம்பு வாசற்படியில் நின்று சோதித்தாள். வால் ஆடியது, காது நிமிர்ந்திருந்தது.

"களைக்கல. திருப்பிக் கூட்டிட்டுப் போ."

மறுபடி போனான், மறுபடி வந்தான். "இன்னும் களைக்கல, சின்னண்ணே."

"ஏ புள்ள, எனக்குக் கால் போச்சு!"

"டாக்டரம்மா உன் காலைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? சொல்லு, சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். பாவம், போனான். பொழுது சாயும் நேரத்தில் பட்டாணி துள்ளிக் குதித்து வந்தது. கயிற்றின் மறுமுனையில் சடையப்பன் மல்லாக்கப் படுத்தபடி வந்தான். வாசலிலேயே விவாதம் நடந்தது. களைத்ததை உள்ளே விட வேண்டும், களைக்காததை விடக் கூடாது. இது தெளிவு. ஆகவே சடையப்பனைத் தூக்கி வந்து, பட்டாணியின் சாக்கில் கிடத்தி, கழுத்துப்பட்டையைத் தேடிப் பிடித்து மாட்டி, பால் சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைத்தார்கள். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான்.

களைக்காத பட்டாணி வெளியிலேயே நின்றது. அத்தையின் அரிசி அப்பளமும் போனது.

"சந்தை நாள் வரட்டும்!" என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்தது. மிச்சம் இருந்தது இரண்டாவது வைத்தியம் ஒன்றுதான்.

ஆனால் அதில் ஒரு பெரிய சிக்கல்.

"சுத்தும்போது பாக்கக் கூடாது. நின்னதும் பிஸ்கட் குடுக்கணும். பாக்காம, நின்னது எப்படித் தெரியும்?" என்றான் மருதப்பன். அவன் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வி. அவனே பயந்துபோய் அகப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அத்தையைப் பாக்கச் சொல்லலாமா?" என்றாள் பொற்கிளி.

"'யாரும்' பாக்கக் கூடாதுன்னாங்க, அண்ணி. அத்தை யாருமா, இல்லையா?"

"அத்தை யாரோ எவரோ இல்லையே, நம்ம அத்தையாச்சே."

இதைப் பற்றியே நெடுநேரம் பேசினார்கள். பிறகு வேம்புதான் வழி கண்டுபிடித்தாள். பட்டாணியின் கழுத்தில் ஒரு மணி கட்டினாள். மணி அடித்தால் சுற்றுகிறது, முகத்தைத் திருப்ப வேண்டும். மணி நின்றால் பிஸ்கட். கோணக்கரையில் அதற்கு முன் யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்ததில்லை. ஊரே வந்து மணியைப் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் மணி அடித்தது. நாலு பேரும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. வேம்பு, எதற்கு வம்பு என்று திரும்பாமலே, பிஸ்கட்டைப் பின்பக்கமாக நீட்டினாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள். மறுபடி மணி, மறுபடி பிஸ்கட்.

"நல்ல குணம் தெரியுது. கடிக்காம, நக்காம, எவ்வளவு மரியாதையா வாங்குது!" என்று பூரித்தாள் பொற்கிளி.

பிஸ்கட் பொட்டலம் காலியாகப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து குரல் கேட்டது. "யக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? ரொம்ப இனிப்பா இருக்கு."

பஞ்சுமிட்டாய்க்காரர். தெருவில் மணியடித்து விற்க வந்தவர், நின்றால் இந்த வீட்டில் பிஸ்கட் தருகிறார்கள் என்று கண்டதும் அன்றைய வியாபாரத்தையே விட்டுவிட்டார். பட்டாணி கொல்லையில் தூங்கிக்கொண்டிருந்தது.

வேம்புவுக்கு வந்ததே ஆத்திரம்! "மணியை நம்பினா இதான் கதி. யார் வேணும்னாலும் மணி அடிக்கலாம். இனிமே மணி கிடையாது!" என்று அதைக் கழற்றி எறிந்தாள். மணி போனதும் பழைய சிக்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை விவாதித்து முடிப்பதற்குள் சந்தை நாள் வந்துவிட்டது.

அன்று காலையில் நாலு பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். பட்டாணி நடுவில் படுத்திருந்தது. வேம்பு அதன் காதோடு பேசினாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சும்மா இரு, கண்ணு. உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா, நான் சொல்றதைக் கேக்க?"

தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது. பட்டாணி எழுந்தது. வாலைப் பார்த்தது. சுற்ற ஆரம்பித்தது.

"திரும்புங்க!" என்று கத்தினாள் வேம்பு. நாலு பேரும் திரும்பிக்கொண்டார்கள்.

ஆனால் வாய்க்கால் கரையில் அவ்வளவு தூரம் நடந்து பழகிய பட்டாணிக்கு இருந்த இடத்தில் சுற்றுவது இப்போது போதவில்லை. வாலைத் துரத்தியபடியே வாசல் முழுக்க வட்டமடித்தது. முகத்தைத் திருப்பிய பக்கம் நாய் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து திருப்பினார்கள். அங்கேயும் நாய். மறுபடி திருப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் திரும்ப, தோள் திரும்ப, இடுப்பு திரும்ப, நாலு பேரும் நின்ற இடத்தில் சுழன்றுகொண்டிருந்தார்கள். பொற்கிளியின் சேலைத் தலைப்பு குடை மாதிரி விரிந்தது.

பட்டாணி இந்த வேடிக்கையைப் பார்த்தது. நின்றது. உட்கார்ந்தது. அதன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாலைவிட சுவாரசியமான ஒன்று கிடைத்திருந்தது.

"நின்னுடுச்சா?" என்றான் மருதப்பன், சுழன்றபடி.

"எப்படித் தெரியும்? பாக்கக் கூடாதே!"

"எதுவரைக்கும் பாக்கக் கூடாது?"

"நிக்கற வரைக்கும்!"

லாரி வாசலில் வந்து நின்றது. அத்தை மாடக்கண்ணுவிடம் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "அடுப்புல வேலையா இருக்கேன்ப்பா. வாசல்ல சுத்திக்கிட்டு இருக்கறதைக் கட்டி ஏத்திட்டுப் போ."

மாடக்கண்ணுவும் கோணக்கரைக்காரன்தான். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவன். வாசலைப் பார்த்தான். ஒரு நாய் சும்மா உட்கார்ந்திருந்தது. நாலு பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு ஒன்று கேட்டால் நாலு தருகிறார்களே, தங்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டு கயிற்றை வீசினான். நாலு பேரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினான்.

அப்போதுதான் வேம்பு பட்டாணியைப் பார்த்தாள். அது நின்றுவிட்டிருந்தது!

"நின்னுடுச்சு, நின்னுடுச்சு!" என்று கத்தினாள். பிறகுதான் கயிறு கண்ணில் பட்டது. "யோவ், எங்களை எதுக்குய்யா கட்டறீங்க? அத்தை சொன்னது நாயை!"

"நாயின்னு சொன்னாங்களா?"

அத்தை நாய் என்று சொல்லவே இல்லை. 'எது சுத்திக்கிட்டு நிக்குதோ அது' என்றுதான் சொன்னாள். அத்தை நாயைத்தான் நினைத்தாள் என்று நிரூபிக்க வேம்புவுக்கு எத்தனையோ வாதம் கைவசம் இருந்தது. ஒவ்வொன்றும் அசைக்க முடியாத வாதம். ஆனால் ஜெயித்துவிட்டால் பட்டாணி லாரியில் ஏற வேண்டும்.

கோப்பை வாங்கிய வேம்பு தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாதத்தில் வேண்டுமென்றே தோற்றாள்.

"அவர் சொல்றது நியாயம், பெரியண்ணே" என்றாள். "ஏறுங்க."

"சூளையில அகப்பை இருக்குமா?" என்று மட்டும் கேட்டான் சடையப்பன். இருக்கும் என்று மாடக்கண்ணு உறுதி கொடுத்ததும் அவனும் ஏறினான்.

லாரி நகர்ந்தது. பட்டாணி ஒரு தடவை அவர்களைப் பார்த்தது. பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தீங்களா, அண்ணி?" என்று, கயிற்றிலிருந்து ஒரு கையை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வேம்பு. "டாக்டரம்மா சொன்னதை நம்ம எல்லாரையும்விட அதுதான் சரியா புரிஞ்சு வெச்சிருக்கு."

தெருமுனை திரும்பியதும் அவள் டிரைவர் பக்கத் தகரத்தில் ஓங்கித் தட்டினாள். "நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

மாடக்கண்ணு பதறிப்போய் இறங்கி ஓடி வந்தான். "என்னம்மா? இறங்கிக்கணுமா?"

"இறங்கறதா? அதை யார் கேட்டா? நாங்க சுத்தறதை நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு! ஆளுக்கு ஒரு பிஸ்கட் வரணுமே, எங்கே?"