ஆமைத்திட்டில் பதில் சொன்ன குரல்

ஆமைத்திட்டுக்கு இப்போதெல்லாம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு படகேறிப் போகிறார்கள். இடிந்த கொட்டடிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெயில் உறைப்பதற்குள் திரும்பிவிடுகிறார்கள். நல்லதுதான். அதற்குமேல் அங்கே இருக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. முதலில் அம்மை கண்டவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் தீர்ந்ததும் ஆயுள் கைதிகளை இறக்கினார்கள். கடலே காவல் இருக்கும்போது சுவர் எதற்கு என்று சுற்றுச்சுவர்கூடக் கட்டவில்லை.

அங்கே சிறை நடந்த காலத்தில் மாடிக் கொட்டடிகளுக்கு வார்டராக இருந்தவர் இன்னாசி. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், முழங்கால் வலிக்காரர். கைதிகளையும் கடலையும் பார்த்துப் பார்த்து அவருக்கு எல்லாமே சலித்துப்போயிருந்தது. சாயங்காலம் மாடி ஏறாமல் கீழே நின்றபடியே ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். மேலேயிருந்து ‘இருக்கேன்’ என்று குரல் வந்தால் அந்த ஆளுக்குக் கஞ்சி உண்டு. குரல் வராதவனை நோயாளி என்று தீவின் மறுகோடியில் இருந்த கொட்டகைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதில்லை.

மாடியில் ஒரே கொட்டடியில் சீனியப்பன், மாடக்கண்ணு என்று இரண்டு பேர் இருந்தார்கள். சீனியப்பனுக்குத் தொண்டையில் கட்டி வந்து பேச்சு நின்றுபோனது. அன்றிலிருந்து மாடக்கண்ணு தன் பேருக்கும் பதில் சொன்னான், குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு கூட்டாளி பேருக்கும் பதில் சொன்னான். இன்னாசிக்கு இது தெரியாமல் இருக்குமா? முதல் நாளே தெரிந்துவிட்டது. மேலே போய்ப் பார்த்தால் ஏதாவது செய்தாக வேண்டும். அவர் போகவில்லை. இரண்டு பேருக்கும் கஞ்சி போய்க்கொண்டிருந்தது.

ஆள் மாறிப் பதில் சொல்வது அங்கே பெரிய குற்றம். அகப்பட்டால் சொன்னவனுக்கும் சரி, யாருக்காகச் சொன்னானோ அவனுக்கும் சரி, விடுதலை என்ற பேச்சே கிடையாது. ஆனால், ‘எல்லாம் என் கவனக்குறைவு’ என்று வார்டர் முன்வந்து ஒப்புக்கொண்டால் கைதிகளைத் தொடமாட்டார்கள், வார்டரின் வேலைதான் போகும். இன்னாசிக்கு முன்னால் இருந்த வார்டர் அப்படி ஒப்புக்கொண்டுதான் வேலையிழந்து ஊருக்குப் படகேறினார்.

இப்படி இருக்கும்போது சீனியப்பனுக்கு விடுதலை வந்தது. அவன் சிறைக்கு வந்தபிறகு பிறந்த மகள் ஒருத்தி ஊரில் இருந்தாள். அவளை அவன் பார்த்ததே இல்லை. மாடக்கண்ணுக்கோ ஊரில் யாரும் இல்லை. விடுதலை உத்தரவோடு வந்து இறங்கியவர் ஒரு புது ஜெயிலர். அவருக்குக் கைதிகளின் முகம் ஒன்றும் தெரியாது. விடுதலைக்கும் அதே வழக்கம்தான்: படகுத்துறையில் பேரைக் கூப்பிடுவார்கள், உரியவன் தன் வாயால் பதில் சொல்லிப் படகேற வேண்டும். பேச முடியாதவனாக இருந்தால் அவனுக்காக வார்டர் சாட்சி சொல்ல வேண்டும். சீனியப்பனுக்குப் பேச்சு வராது என்பதைப் புது ஜெயிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட இன்னாசி நினைத்திருந்தார். சொன்னால், இத்தனை நாள் பதில் சொன்னது யார் என்று கேள்வி வரும். காலையில் சொல்லலாம், துறையில் வைத்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

துறைக்குச் சீனியப்பனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவன் மாடக்கண்ணு. ஜெயிலர் பேரைக் கூப்பிட்டார்.

“இருக்கேன்,” என்றான் மாடக்கண்ணு.

சூழ்ச்சி ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. ஜெயிலர் படகைக் காட்டி ஏறச் சொன்னார். “ஐயா, நான்...” என்று அவன் தொடங்கியதும் சீனியப்பன் கையால் அவன் வாயைப் பொத்தினான். உண்மை வெளியே வந்தால் இருவருமே இங்கேதான் கிடக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு அந்தக் கையை எடுத்து, தன் இடுப்புக்கு நேராக, ஒரு பெண்பிள்ளையின் உயரத்தைக் காட்டினான். யோசித்து இன்னும் சற்று உயர்த்திக் காட்டினான். போய்ப் பார் என்று மாடக்கண்ணுவைப் படகுப் பக்கம் தள்ளினான்.

ஜெயிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னாசியைப் பார்த்து, “ஏன் தயங்குறான்? இவன்தானே சீனியப்பன்?” என்று கேட்டார்.

இன்னாசி கடலைப் பார்த்தார்.

“ஆமா, ஐயா. கூட்டாளிய விட்டுட்டுப் போக மனசு வரல.”

மாடக்கண்ணு அழுதுகொண்டே ஏறினான். படகு போய்விட்டது. அன்று சாயங்காலம் புது ஜெயிலர் பக்கத்திலேயே நின்றிருக்க, இன்னாசி ‘மாடக்கண்ணு’ என்று கூப்பிட்டார். மேலேயிருந்து குரல் வரவில்லை. வழக்கப்படி சீனியப்பனைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்தபடியே நடந்தார் என்று சொல்கிறார்கள்.

கூட்டாளியின் விடுதலையில் படகேறினான் ஒருவன். தன் விடுதலையைத் தூக்கிக் கொடுத்தான் ஒருவன். ‘ஆமா’ என்று சொல்லி ஒருவனையாவது கரையேற்றினார் ஒருவர். இந்த மூவரில் யார் செய்தது சரி, யார் செய்தது தவறு?

விடை: சீனியப்பன் கொடுத்தது அவனுக்கே சொந்தமானது, கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு. அவன் செய்தது சரி. மாடக்கண்ணு வாய் திறந்திருந்தால் இருவருக்கும் இல்லாமல் போயிருக்கும். கொடுத்ததை வாங்கிக்கொண்டான், அவன்மேலும் குற்றமில்லை. இன்னாசி செய்ததுதான் தவறு. ‘என் கவனக்குறைவு’ என்று அவர் சொல்லியிருந்தால் கைதிகளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது, அவர் வேலைதான் போயிருக்கும். அவர் செய்ததைப் பலரும் இரக்கம் என்கிறார்கள். அது இரக்கம் இல்லை, அலுப்பு. அன்று அந்தத் துறையில் பேச முடிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் பேசியிருந்தால் அந்தப் பெண் தன் அப்பாவைப் பார்த்திருப்பாள்.