அம்மனைக் காக்க வைத்த தையல்நாயகி

திருமகவூர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் தரை துடைக்கும் வேலை தையல்நாயகி அம்மையாருக்கு. அதோடு இன்னொரு பணியையும் விரும்பி ஏற்றிருந்தார். குழந்தை பிறந்ததும் விழும் நஞ்சுக்கொடியை, தாயின் சம்மதத்தை முன்பே பெற்று, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்வார். அரை மணிக்குள் உறைகுளிரில் வைக்காவிட்டால் அதன் செல்களுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் சிதைந்து, ஆய்வுக்கு உதவாமல் போய்விடும். பெட்டியை மூடியதும் நெற்றிக்கு நேரே உயர்த்தி, "மகவுகாத்த நாயகி, தாயே!" என்பார். அவ்வூர் அம்மனுக்கு அவர் தினமும் செய்த பூசை அதுதான்.

அவருடைய ஒரே மகள் செம்பகம் எட்டாம் மாதத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள். பூர்வ பாவம் என்றது ஊர். பாவமாம், பாவம்! பெற்றவளிடம் சொல்லும் பேச்சா அது? அந்த ஆய்வை நடத்திய டாக்டர் மெஹருன்னிசா ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்.

"இது ஏன் வருதுன்னு இன்னும் முழுசாத் தெரியலைம்மா. கொடியிலதான் தேடிட்டிருக்கோம்."

"அப்ப நான் கொண்டாந்து தர்றேன். தேடுங்க" என்று எழுந்தார் அம்மையார்.

ஊரார் அவருக்குக் 'கொடிபொறுக்கி' என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் கோயில் தர்மகர்த்தா சபாநடேசர் அவரைச் சன்னதி வாசலிலேயே மறித்தார்.

"தீட்டைத் தொட்டு அலையிற கையோட உள்ள வராதே. அந்த வேலையை விடு, இல்லேன்னா கோயிலை விடு."

"புள்ள குடியிருந்த வீடுங்கய்யா அது. அது தீட்டுன்னா, உள்ள இருக்கிறவளுக்கு மகவுகாத்தவன்னு பேரு எதுக்கு?"

சபாநடேசர் கதவைச் சாத்தினார். ஆறு வருடம் அவர் வேலையையும் விடவில்லை, கோயிலையும் விடவில்லை. தெருவில் நின்றே கும்பிட்டார். அம்மன் முகத்தை ஒருமுறை கிட்டே பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவரை அரித்தது.

பங்குனித் திருவிழாவின் ஐந்தாம் நாள் காலை. அம்மன் பல்லக்கு மருத்துவமனை வாசலில் தீபாராதனைக்காக இறங்கியது. ஆராதனை முடிந்து தூக்கினால் அசையவில்லை. பதினாறு பேர் தோள் கொடுத்தும் ஒரு விரற்கடை எழும்பவில்லை. அப்போது பிரசவ அறையிலிருந்து பெட்டியோடு வாசலைக் கடந்து ஆய்வுக்கூடத்துக்கு விரைந்தார் அம்மையார். குருக்களுக்கு ஏதோ உறைத்தது.

"தையல்நாயகி, இப்படி வா! அம்பாள் உனக்காகத்தான் நிக்கிறா போலிருக்கு!"

அம்மையார் பல்லக்கின் பக்கம் தலையைத் திருப்பினார். ஆனாலும் கால் நிற்கவில்லை.

"இருபது நிமிசம் ஆயிடுச்சு சாமி. இந்தக் கொடிக்குச் சொந்தக்காரி எம்மவ செம்பகம் மாதிரியே வலிப்புல கெடக்கா. அம்மாவைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க!"

"என்ன திமிர்!" என்று கத்தினார் தர்மகர்த்தா. "தூக்குங்கடா!"

மறுபடி தூக்கினார்கள். பல்லக்கு அசையவே இல்லை. வெயிலில் ஊரே காத்து நின்றது.

கொடியை உறைகுளிரில் பத்திரப்படுத்தி, கை கழுவி, ஈரக் கையோடு வந்தார் அம்மையார். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கிட்டே பார்த்து ஓவென்று அழுதார். சபாநடேசர் தலை குனிந்து, "நீங்களும் ஒரு கை கொடுங்கம்மா" என்றார்.

தீட்டு என்று விலக்கிய அந்தக் கை பல்லக்கின் கொம்பில் பட்டதும், பூக்கூடை போல எழும்பினாள் அம்மன். அம்மையார் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

"எம்மவ ஏன் செத்தான்னு அந்த டாக்டரம்மாவுக்குக் காட்டிக் குடு தாயே. அதுவரைக்கும் நான் ஓயமாட்டேன், உன்னையும் ஓய விடமாட்டேன்."

தெய்வத்திடமும் பணிக்குப் பின்னரே வந்து நின்ற அந்தப் பிடிவாதக்காரத் தாயின் திருவடிகள் வாழ்க.