பானையம்மாளின் ஈர மணல்

கடல் தாண்டி எங்கேயோ யுத்தம் மூண்டு, இங்கே கேஸுக்குத் தட்டுப்பாடு வந்த ஒரு கோடைக்காலம். அப்போது ஒரு சமையலறையில், சன்னலோரத்து மூலையில், ஈர மணல் பரப்பி அதன்மேல் ஒரு மண்பானை உட்கார்ந்திருந்தாள். பானையம்மாள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவளிடமிருந்து கசிகிற ஈரத்தைக் குடித்து அந்த மணலில் பத்துப் பன்னிரண்டு வெந்தயம் முளைத்திருந்தது. அவளுக்கு அதுகள் பிள்ளைகள் மாதிரி.

ஒருநாள் காலையில் சிவப்புச் சிலிண்டர் ஒருவன் தடதடவென்று உருண்டு வந்தான். "சண்டைக் காலம். பாதுகாப்புதான் முக்கியம். ரெண்டே நாள்" என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் நெட்டித் தள்ளிவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டான். பானையம்மாள் பின்வாசல் படியில், வெயிலில் போய் நின்றாள். பாதி முளை அவன் அடியிலேயே நசுங்கிப் போயிற்று. மீதி, ஈரம் இல்லாமல் தலை சாய்ந்து நின்றதை அவள் படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பெற்றவள் மனசு என்ன பாடுபடும், சொல்லுங்கள்.

அந்தச் சமையலறையில் பெரியவர்கள் இரண்டு பேர். மேடைமேல் அடுப்பு அண்ணாச்சி, சுவரோரம் ஃபிரிட்ஜ் துரை. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அவர் சுட வைத்ததை இவர் வாங்கி ஆற வைத்துவிடுவார், அந்தப் பகை. ஆனால் பானையம்மாள் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே குரலில் இரக்கப்பட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல் மண்டுகிறது.

முதலில் அண்ணாச்சியின் தூதராகக் கரண்டியார் வந்தார். எந்தச் சட்டியிலும் நுழைந்துவிட்டு வருகிற நீளக்கை ஆள்.

"அண்ணாச்சி ரொம்ப வருத்தப்பட்டாங்க பானையம்மா. அந்த மூலை உங்களுதுதான், ஒரு பொட்டு மணலைக்கூடச் சிலிண்டருக்குன்னு ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"சரி. அவனை எழுந்திருக்கச் சொன்னாங்களா?"

"கடுமையாக் கவலை தெரிவிச்சாங்க."

"அவன்கிட்டயா?"

"இல்ல, பொதுவா."

மறுநாள் துரை தன் கதவைத் திறந்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு பேசினார். "அம்மா, உங்கள் தண்ணீர் வெயிலில் கொதிக்கிறதே. விவகாரம் தீரும்வரை அது என் பொறுப்பில் இருக்கட்டும்."

"எனக்கு என் இடம் வேணும் ஐயா. தண்ணியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

"இடத்தைப் பற்றித் தனியாகக் கூடிப் பேசுவோம்" என்றார் துரை. அதற்குள் அவள் தண்ணீர் நாலு பிளாஸ்டிக் பாட்டிலில் ஏறி அவர் வயிற்றுக்குள் போய்விட்டது. இதில் துரைக்கு என்ன ஆதாயம் என்று கேட்பீர்கள். பானை மூலையில் இருந்தவரை அவர் பாட்டிலை யார் சீண்டினார்கள்? இப்போது தாகம் எடுத்தவர்கள் எல்லாம் அவர் கதவைத்தான் திறந்தார்கள்.

கூட்டமும் கூடினார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. துரைக்கு உள்ளே, இரண்டாம் தட்டில். அண்ணாச்சிக்காகக் கரண்டியார் போனார். சிலிண்டருக்காக அவன் மூடி போய் உட்கார்ந்தது. பானையம்மாளின் சுற்றளவுக்கு அந்தத் தட்டில் இடம் போதாது என்று அவளை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். யார் வீட்டுப் பஞ்சாயத்து, யார் வெளியே நிற்கிறது, பாருங்கள்.

கரண்டியார் குளிர்ந்துபோய் வெளியே வந்தார்.

"என்ன முடிவாச்சு?"

"நீங்க பொறுமையா இருக்கிறதைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டிருக்கோம்."

"என் பிள்ளைங்க காயுதுங்க, கரண்டியாரே."

"அதையும் கவனத்துல எடுத்துக்கிட்டோம்."

மூலையில் அப்போது இரண்டே முளைதான் மிச்சம்.

ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி இருமினார். ஜுவாலை மினுக்கு மினுக்கென்று ஆடி அணைந்தது. மேடைக்கு அடியில் இருந்த பழைய சிலிண்டர் காலி. பானையம்மாளுக்கு உயிர் வந்தது. இனி மூலையில் இருக்கிறவன் எழுந்து மேடைக்கு அடியில் போய்த்தானே ஆக வேண்டும்? "இன்னும் ஒரு பொழுது பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கடா" என்று முளைகளுக்குச் சொன்னாள்.

சிலிண்டர் அசையவில்லை. "நான் எதுக்கு எழுந்திருக்கணும்? ட்யூப் இங்க வரட்டுமே" என்றான்.

வந்தது. மேடையிலிருந்து ஆரஞ்சு ட்யூப் இறங்கி, தரையோடு இழுபட்டு, மணலில் ஏறி அவன் தலையில் மாட்டிக்கொண்டது. வழியில் நின்ற முளை ஒன்று அதன் அடியில் மடங்கியது. மேடைமேல் அண்ணாச்சி பழையபடி திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கரண்டியார் படிக்கு வந்துவிட்டார். தண்ணீர் இல்லாமல் காய்ந்த பானையம்மாளின் இடுப்பில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி சொல்லிட்டு வரச் சொன்னாங்க. அந்த மூலை உங்களுதுதான். அவங்க பேச்சு மாறவே இல்ல."

பானையம்மாள் மூலையைப் பார்த்தாள். ஒரே ஒரு முளை. பிறகு ட்யூபைப் பார்த்தாள்.

"நல்லது கரண்டியாரே. எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. அந்த ட்யூபைக் கழற்றி வெச்சுட்டு, இதே வார்த்தையை இன்னொரு தடவை அண்ணாச்சியைச் சொல்லச் சொல்லுங்க."

போன கரண்டியார் இன்னும் திரும்பி வரவில்லை.