பலவேசம் லிமிட்டைக் கூட்டப் போன கதை

பூவாணிக்குளத்தில் பலவேசம் அண்ணாச்சி வைக்கிற சாம்பாரை ஒருமுறை சாப்பிட்டவர்கள், அவர் செய்கிற மற்ற காரியங்களையெல்லாம் மன்னித்துவிடுவார்கள். கல்யாணச் சமையல்தான் அவருக்குத் தொழில். கூட இரண்டு பேர்: இட்லிக்குச் சொரிமுத்து, வடைக்கு மாடக்கண்ணு. மூன்று பேருக்கும் கையிலேயே அவ்வளவு கெட்டிக்காரத்தனத்தைக் கொடுத்துவிட்டதால், தலைக்கு வைக்க ஆண்டவனிடம் மிச்சம் இல்லாமல் போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். "அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கித் தரையில் ஓடினாலும் மூவரும் அடுப்பையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தை மாதம் அரிசி மில் முதலாளி குற்றாலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். காலைப் பந்திக்கே எண்ணூறு இலை. முன்பணம் வாங்கியாயிற்று, வாங்கியதைச் செலவழித்தும் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து கிரைண்டர் கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. தானாகப் பிளக்கவில்லை. "கல்லுல ஒட்டியிருக்க மாவைத் தட்டி எடுலே" என்று பலவேசம் சொல்லியிருந்தார். மாடக்கண்ணு சம்மட்டியால் தட்டினான்.

புதுக் கிரைண்டர் நாற்பத்தைந்தாயிரம் என்றார் கடைக்காரர் மைதீன் பாய். பலவேசத்திடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. அதன் லிமிட் இருபதாயிரம்தான். அதிலும் முக்கால்வாசி, அண்டா வாங்கியதில் போயிருந்தது.

"லிமிட்டைக் கூட்டித் தரச் சொல்லி பேங்குக்குப் போன் போடுங்க" என்றார் பாய்.

போன் போட்டார்கள். ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. "தமிழில் தொடர, இரண்டை அழுத்தவும்."

பலவேசம் போனைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார். "ரெண்டை அழுத்தச் சொல்லுதா. நாம மூணு பேரு இருக்கோமே, எந்த ரெண்டை?"

"போன் பிடிச்சிருக்கவரு நீங்க. அப்போ மிச்சம் நாங்கதான் அண்ணாச்சி" என்று சொரிமுத்து தலையைக் குனிந்து கொடுத்தான். மாடக்கண்ணுவும் கொடுத்தான். பலவேசம் இருவர் தலையிலும் கையை வைத்து, முழங்கால் மடங்கும் அளவுக்கு அழுத்தினார்.

"தாங்கள் எதையும் அழுத்தவில்லை" என்றது குரல்.

"இதுக்கு மேல அழுத்தினா கழுத்து நிக்காது தாயி" என்றார் பலவேசம்.

அந்தக் குரல் பொறுமையிழந்ததோ என்னவோ, "எங்கள் அலுவலர் பேசும்வரை லைனிலேயே இருங்கள்" என்றது. மூன்று பேரும் உயரவாரியாக வரிசையில் நின்றார்கள். சொரிமுத்துவுக்கு மூத்திரம் முட்டியது, ஆனாலும் லைனை விட்டு நகரவில்லை. கடைசியில் ஓர் ஆள் பேசி, விவரத்தைக் கேட்டுக்கொண்டு, பதில் மெசேஜில் வரும் என்று சொல்லிப் போனை வைத்தான்.

மறுநாள் மெசேஜ் வந்தது. 'வருந்துகிறோம். லிமிட் உயர்வு கோரும் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.'

பலவேசம் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். கடைசி வார்த்தை மூவருக்கும் புதுசு.

"நல்ல சேதிதான்" என்றான் மாடக்கண்ணு. "நி-ல ஆரம்பிக்கிற வார்த்தையெல்லாம் நல்லதுதான அண்ணாச்சி. நிம்மதி, நிறைவு, நிச்சயதார்த்தம்."

"நிலுவை?" என்று கேட்டான் சொரிமுத்து.

"அது வேற நி."

"அப்போ எதுக்கு வருந்துதாங்களாம்?"

பலவேசம் இதை நெடுநேரம் ஆலோசித்தார். "கேட்ட உடனே குடுக்காம ஒரு நாள் காக்க வச்சிட்டோமேன்னு வருந்துதாங்கலே. பெரிய இடத்துல இருக்கவங்களுக்கு அந்தக் குணம் இருக்கும்."

தெருவுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு பாய் கடைக்குப் போனார்கள். பாய் கார்டைத் தேய்த்தார். இயந்திரம் கீச்சென்றது. இன்னொரு முறை தேய்த்தார். அது இன்னும் கோபமாகக் கீச்சென்றது. பலவேசம் பெருமையோடு மெசேஜைக் காட்டினார். பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "அட அண்ணாச்சி, தரமாட்டோம்னு சொல்லியிருக்கான்" என்றார்.

பலவேசம் மெசேஜை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போனைப் பையில் போட்டார். காலி வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது, எண்ணூறு வாழையிலைகளும் வெறும் இலையாக விரிந்து தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. முப்பது வருஷத்தில் ஒரு பந்தியும் அவர் கையில் பட்டினி கிடந்ததில்லை.

விடிந்ததும் வங்கிக்குப் போனார்கள். கார்டு விவகாரங்களைப் பார்க்கிறவர் ஜெபக்கனி மேடம். அன்பானவர், ஆனால் முந்தின தினம்தான் மாற்றலாகி வந்திருந்தார். இந்த மூவரைப் பற்றி அவரை யாரும் எச்சரித்திருக்கவில்லை.

"லிமிட்டை நான் கூட்ட முடியாது அண்ணாச்சி. எதுவானாலும் மேலிடத்துலதான் கூட்டணும்" என்றார் மேடம்.

"இவ்வளவுதானே மேடம்? அவங்க எதுக்கு, நாங்களே கூட்டிருதோம்" என்றார் பலவேசம்.

வங்கிக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். மூவரும் தங்கள் சமையலறையிலிருந்து ஈர்க்குமாறு எடுத்துவந்து மாடி முழுக்கக் கூட்டினார்கள். நாற்காலிக்கு அடியில் கூட்டினார்கள், அலமாரிக்குப் பின்னால் கூட்டினார்கள், மேஜைமேல் இருந்ததையும் விடவில்லை. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் கீழே வந்து, "மேலிடம் பளிச்சுன்னு இருக்கு மேடம்" என்று சொல்லிக் கைகட்டி நின்றார்கள். அதே நேரம் மாடியிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், தன் புதுப் பல்செட்டைக் காணவில்லை என்று பல்லில்லாத வாயால் கத்துவது கேட்டது. என்ன கத்துகிறார் என்று யாருக்கும் புரியாததால் அந்த விஷயம் பெரிதாகவில்லை.

ஜெபக்கனி மேடம் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாக விளக்கினார். "அண்ணாச்சி, கார்டை நீங்க முக்கால்வாசி பயன்படுத்திட்டீங்க. அதான் தரமாட்டேங்காங்க. முப்பது சதவீதத்துக்கு மேல பயன்படுத்தாதீங்க. அப்படி இருந்தா பேங்குக்கு நம்பிக்கை வரும்."

இது பலவேசத்துக்கு நியாயமாகப் பட்டது. வெளியே வந்ததும் மரநிழலில் உட்கார்ந்து கார்டை விரலால் அளந்தார்கள். நீளத்தில் முப்பது சதவீதமா, அகலத்தில் முப்பது சதவீதமா என்று விவாதம் வந்தது.

"அகலத்துல எடுத்தா எழுத்து பாதி பாதியா அறுபடும். நீளத்துலயே எடுப்போம்" என்றான் சொரிமுத்து.

நீளவாக்கில் அளந்து, பேனாவால் ஒரு கோடு போட்டு, பாய் கடைக்கு நடந்தார்கள்.

"பாய், இந்தக் கோடு வரைக்கும்தான் உள்ள விடணும். கோட்டைத் தாண்டினா பேங்குக்கு நம்பிக்கை போயிரும்" என்றார் பலவேசம்.

பாய் கார்டின் நுனியை மட்டும் இயந்திரத்தில் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இயந்திரத்துக்கு வயிறு நிறையல போல" என்றான் மாடக்கண்ணு இரக்கத்துடன். பாய் கல்லாவைப் பூட்டிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

மறுபடி வங்கி. இந்தத் தடவை மேடம் எழுந்தே நின்றார். "அண்ணாச்சி, எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்னு தெரியல. உங்களுக்குக் கடன் வரலாறு போதாது. கடன் வாங்கி ஒழுங்காக் கட்டின வரலாறு இருந்தாத்தான் கூடக் குடுப்பாங்க. வரலாறு இல்லாம வந்து நின்னா நான் என்ன செய்ய?"

பலவேசத்தின் முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் அவரிடம் இருக்கிற ஒரு பொருளைக் கேட்டதே இல்லை. "வரலாறு எக்கச்சக்கமா இருக்கு மேடம். நாளைக்கே கூட்டியாரேன்."

மறுநாள் காலை வங்கிக் கதவு திறந்ததும் பலவேசம் முன்னால் வந்தார். பின்னால் பலசரக்குக் கடைக்காரர், விறகுக்கடைக்காரர், பால்காரம்மா, மாடக்கண்ணுவின் மாமனார், குற்றாலிங்கம் முதலாளி, இன்னும் பத்துப் பதினைந்து பேர்.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் மேடம்.

"என் வரலாறு மேடம்" என்றார் பலவேசம். "எல்லாரும் எனக்குக் கடன் குடுத்தவங்க. எப்படி வாங்கினேன், எப்படிக் கட்டினேன்னு அவங்க வாயாலேயே கேளுங்க. யண்ணே, நீங்க ஆரம்பிங்க."

விறகுக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "போன ஆவணியில எங்கிட்ட வாங்கின பணத்தை ஐப்பசியில நறுக்குன்னு குடுத்துட்டாரு. மறுநாளே திருப்பி வாங்கினாரு. அது இன்னும் வரல."

"ஐப்பசியிலயா?" என்றார் பால்காரம்மா. "ஐப்பசியிலதான மாட்டை வித்த பணத்தை எங்கிட்ட வாங்கிட்டுப் போனாரு?"

"ஆமா, அதைத்தான் விறகுக்கடை அண்ணனுக்குக் குடுத்தேன்" என்றார் பலவேசம். "உங்களுக்குப் பலசரக்குக்கடை அண்ணாச்சிகிட்ட வாங்கிப் பாதி குடுத்தேன்லா? அவருக்கு விறகுக்கடை அண்ணன்கிட்ட வாங்கிக் குடுத்தேன். ஒருத்தரையும் நான் ஏமாத்தல."

பலசரக்குக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்போ என் பணம் இப்போ எங்கிட்டதான் இருக்கா?"

பிறகு எழுந்த கூச்சலில் காவலாளி துப்பாக்கியை மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஆளாளுக்குப் பலவேசத்தின் சட்டையைப் பிடித்தார்கள். இருந்தது ஒரே சட்டை என்பதால் எல்லாருக்கும் பிடிக்க இடம் கிடைக்கவில்லை. பலவேசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரலாறு இத்தனை சத்தமாகவா இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

குற்றாலிங்கம் முதலாளிதான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். "யப்பா, இந்த ஆளை அடிச்சா யாருக்காவது காசு வருமா? சமைச்சாத்தான் வரும். சமைக்கணும்னா கிரைண்டர் வேணும். என் மக கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. சம்பந்தி வீட்டுக்காரன் இட்லி இல்லேன்னு எந்திரிச்சுப் போனா நான் எங்க போய் முழிக்க?"

கூச்சல் அடங்கியது. எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். முதலாளி பாதிப் பணம் எடுத்து வைத்தார். மற்றவர்கள், கொடுத்த கடனைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் கடன் கொடுத்தார்கள். ஜெபக்கனி மேடம் அந்தப் பணத்தைத் தானே எண்ணிக் கட்டி, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "ஆறு மாசம் கழிச்சு வந்து கேளுங்க அண்ணாச்சி" என்று சொன்னார். அன்றே மேலிடத்துக்கு மாற்றல் கேட்டு மனுவும் போட்டார்.

பலவேசத்தின் கண் கலங்கிவிட்டது. "பேங்கு தராட்டா என்னலே, நம்ம வரலாறு தந்துட்டு" என்றார்.

கிரைண்டர் வந்து இறங்கியது. மைதீன் பாய் வண்டியோடு கூட வந்து, போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "புதுக் கல்லு அண்ணாச்சி. நாலு நாள் நல்லாப் பழக்கிட்டு அப்புறம் மாவாட்டுங்க."

புதுக் கல்லில் தவிட்டையும் உப்பையும் போட்டு ஆட்டி, கழுவி, மறுபடி ஆட்டிப் பழக்க வேண்டும் என்பது பூவாணிக்குளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் பாய் அதை விளக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் குற்றாலிங்கம் முதலாளி மாவைப் பார்க்கச் சமையல் கொட்டகைக்கு வந்தார். எண்ணூறு பேருக்கு ஊறப்போட்ட அரிசி அண்டா அண்டாவாக அப்படியே இருந்தது. கொட்டகை நடுவில், கல்யாண மண்டபத்து நாற்காலி ஒன்றில், புதுக் கிரைண்டர் கல் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. எதிரே ஒரு டம்ளர் காப்பி ஆவி பறந்தது. சொரிமுத்து அதற்கு விசிறிக்கொண்டிருந்தான். மாடக்கண்ணு தன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, இது மாமனார், இது கொழுந்தியா என்று ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

"மாவு எங்கய்யா?" என்று கேட்டார் முதலாளி.

பலவேசம் உதட்டில் விரலை வைத்து, அவரை ஓரமாக அழைத்துப் போனார். "சத்தம் போடாதீங்க முதலாளி. மொத ரெண்டு நாள் ரொம்ப விறைப்பா இருந்துச்சு. இப்போ எங்க மூணு பேருகிட்டயும் நல்லாப் பழகிட்டு. நீங்க ஒருத்தர்தான் அதுக்குப் புது ஆளு. வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டீங்கன்னா, உடனே ஆட்ட ஆரம்பிச்சிரலாம்."

முதலாளி அண்டாக்களைப் பார்த்தார். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவர் மேல்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என் பேரு குற்றாலிங்கம்" என்றார் மெதுவாக. "அரிசி மில் வச்சிருக்கேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க முதலாளி" என்றார் பலவேசம். "அதுக்குக் காது சரியாக் கேக்காது."