செண்பகவடிவின் குரல்

பாளையங்கோட்டையில் ஒலியியல் சொல்லிக்கொடுத்த ஞானசுந்தரிக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்ட குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்து நாலு. தபால் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

எடுத்த காரியத்தில் மனிதர் கெட்டி. யாராவது இரண்டு வார்த்தை பேசினால் போதும், நாக்கு எங்கே பட்டது, மூச்சு எங்கே நின்றது என்று சொல்லிவிடுவார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, பெண்டாட்டியின் குரல்தான் அவருக்குப் பிடிபடவில்லை.

பேசுகிறதைக் கேட்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சண்டை போட்டுவிட்டு, செண்பகவடிவு தூத்துக்குடிக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பத்தாம் நாள் போனில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். ஏழே விநாடி.

அன்றிலிருந்து குற்றாலிங்கம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அளந்துகொண்டிருந்தார். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி அந்தக் குரலின் முன்னால் உட்காருவார். வீட்டில் வேறு பேச்சுச் சத்தமே கிடையாது. சில நாள் அழுதும் இருக்கிறார்.

கடைசியில் வரைபடங்களையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் வந்தார். முடிவில் குரல் இறங்குவதையும், நடுவில் ஓரிடத்தில் நடுங்குவதையும் காட்டினார். கோபத்திலும் நடுங்கும், அழுகையிலும் நடுங்கும், இது எதுவென்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது என்றார்.

"மனசாரப் பேசுதாளா, ஒப்புக்குப் பேசுதாளா? அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும் டீச்சர்."

ஞானசுந்தரி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அளவில் ஒரு பிழையும் இல்லை.

"நல்லாப் பண்ணிருக்கிய அண்ணாச்சி. அக்கா என்ன சொல்லுதாவ?"

"அதான் டீச்சர், மொதல்ல சுருதி மேல ஏறுது..."

"அதப் பாத்துட்டேன். என்ன சொல்லுதாவ?"

குற்றாலிங்கம் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

"'இங்க எனக்கு இருப்புக் கொள்ளல. வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லுதா."

"எப்ப வந்துச்சு?"

"பங்குனியில."

அப்போது ஆவணி பிறந்திருந்தது.

"பதில் அனுப்புனியளா?"

"அளந்து முடிச்சிட்டு அனுப்பலாம்னு இருந்தேன்."

ஆசிரியை தாள்களை அடுக்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஒங்களுக்காவது அக்கா குரல் கையில இருக்கு. அக்கா அஞ்சு மாசமா எத அளந்துக்கிட்டு இருப்பாவ?"