ராசகிளி வயலில் விழுந்த வட்டம்

ராசகிளிக்குச் சந்தேகம் என்பது ஊறுகாய் மாதிரி. தொட்டுக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது. பால்காரர் ஒருநாள் சிரித்த முகமாய் ஊற்றினால், இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று சொம்பைச் சாய்த்துப் பார்ப்பாள். புருசன் சிங்கப்பூரில். நிலத்தை ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்ப்பவளுக்கு அந்தக் குணமும் இல்லாவிட்டால் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுக்கொண்டே வாருங்கள். வழியில் நான் சிந்திவிட்டுப் போகிறதை மிதிக்காமல் பொறுக்கி வாருங்கள், கடைசியில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

வைகாசியில் வயல் சும்மா கிடந்தபோது, ராமநாதபுரத்துப் பக்கமிருந்து செம்மறி ஓட்டி வந்த கோட்டைச்சாமி அவள் நிலத்தில் கிடை போட்டார். இரவில் ஆடுகளை வலைக்குள் வளைத்து அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. ஓர் இடத்தில் ஓர் இரவு, மறுநாள் பக்கத்து இடம், அதுதான் முறை. வயலின் நடுவில் பயிர் எழும்பாத சொத்தை இடம் ஒன்று உண்டு. "அங்க மட்டும் நாலு ராத்திரி கெடக்கட்டும்" என்று ராசகிளி ஒற்றைக் காலில் நின்றாள். மேலண்டை வயல்காரர் உத்திராபதி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "போதும் தங்கச்சி, கிடையை மாத்தச் சொல்லு" என்றார். அடுத்த முறை கிடை அவர் வயலுக்கு. அவசரம் எதற்கென்று இவளுக்குத் தெரியாதா என்ன? வீம்புக்கு ஐந்தாவது இரவும் அங்கேயே போடச் சொன்னாள்.

தை பிறந்தது, கதிர் முற்றியது. அறுப்பு மெஷின் வர இரண்டு நாள் இருக்கும்போது சாயங்காலம் வாடைக்காற்றோடு ஒரு மழை பிடித்தது. காலையில் ராசகிளி வரப்பேறிப் பார்த்தாள். சுற்றிலும் பயிர் நிமிர்ந்து நிற்க, நடுவில் மட்டும் தட்டைக் கவிழ்த்த மாதிரி வட்டமாய் நெல் படுத்துக் கிடந்தது.

நிற்கும் பயிரை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு அவள்தான் முதலில் உள்ளே போனாள். அதுவரை அங்கே தடமே இல்லை. விழுந்த கதிர்கள் அத்தனையும் தெற்கே தலை வைத்துக் கிடந்தன. ஒரு பிடி பிடுங்கி எடுத்தாள். வெளியே பயிர் பழுத்திருக்க, இது இன்னும் பச்சை. தாள் ஒரு சாண் நீளம் அதிகம், நசுக்கினால் நீர் வடிந்தது. வரப்பிலிருந்து பார்க்க வட்டம், உள்ளே நின்று பார்த்தால் விளிம்பு அங்கங்கே கோணல்.

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. குறி சொல்லும் சன்னாசி உடுக்கையோடு வந்து, "காளி எறங்கி நடந்த எடம். மாசி அமாவாசை வரைக்கும் அருவா படக்கூடாது" என்றார். அந்தப் பக்கம் ஒரு சூலம் நட அவர் நாலு வருசமாய் இடம் தேடுவது ஊருக்கே தெரியும். மன்னார்குடியிலிருந்து வீடியோ எடுக்க வந்த பிரதாப், "பறக்கும் தட்டு எறங்கியிருக்கு, கதிரெல்லாம் சுழி சுழியா கெடக்கு பாருங்க" என்று வரப்பில் நின்றபடியே போனுக்குள் பேசினான். நாலு நாள் அறுக்காமல் வைத்தால் உலகமே பார்க்கும் என்றான்.

நாலு நாளா! விழுந்த நெல் ஈரத்தில் கிடந்தால் மூன்றாம் நாள் முளைவிடும். மெஷினைத் தவறவிட்டால் மறுபடி எப்போதோ. வருசச் சாப்பாடும் விதை நெல்லும் அந்த வயலில்தான் நின்றன.

ராசகிளி இருவரையும் நம்பவில்லை. அவள் மனம் உத்திராபதியைச் சுற்றியது. மழை வருமுன் அவர் கயிறும் பலகையுமாய்க் களத்துப் பக்கம் போனதைக் கண்ணால் பார்த்திருந்தாள். பலகையில் கயிறு கட்டி மிதித்தால் வட்டம் வராதா? இவள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு இரண்டு முறை இல்லையென்ற பதிலை வாங்கிப் போனவர் வேறு. ஆனால் மெஷின் இவள் வயலுக்கு வரவேண்டுமானால், அறுத்துக் கிடக்கும் அவர் வயலைத் தாண்டித்தான் வரவேண்டும். வேறு வழி கிடையாது. போலீசுக்குப் போனால் அவர் வழியை அடைப்பார். போகாவிட்டால், செய்தவர் அவரே என்றால், இன்றிரவு மிச்சத்தையும் படுக்க வைப்பார். அன்று சாயங்காலம் புகாரை எழுதி மடித்து வைத்தாள். விடிந்தால் மெஷின்.

காளியா, பறக்கும் தட்டா, உத்திராபதியா? இதில் யார் சொன்னது சரி, ராசகிளியின் வயலில் வட்டம் போட்டது யார்?

விடை: மூவருமில்லை. தடம் இல்லாததால் ஆள் மிதிக்கவில்லை. சுழி இல்லாமல் எல்லாம் தெற்கே சாய்ந்ததால் தள்ளியது வடக்கேயிருந்து வீசிய வாடைக்காற்று. அந்த இடத்தை மட்டும் தள்ளியது ஏனென்றால், ஐந்து இரவுக் கிடையில் எரு மிஞ்சிப்போய்ப் பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து தாளில் வலுவில்லாமல் நின்றது. வட்டம் ஆட்டு வலையின் வட்டம். போடச் சொன்னவள் ராசகிளி. பிடுங்கிய தாளை விடிகாலையில் மறுபடி கையில் வைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. உத்திராபதி வீட்டுக்கு ஓடினாள். வழியில் அவர் களத்து நெல்மேல் படுதாவை இழுத்துக் கட்டிய கயிறும், பறக்காமல் அழுத்திய பலகையும் அங்கே இருந்தன. "வைகாசியிலயே சொன்னீங்க அண்ணே, நான்தான் வேற மாதிரி நெனச்சிட்டேன்" என்றாள். "நெனச்சது எனக்கும் தெரியும்" என்றார் அவர். "மெஷின் எறங்க வரப்பை நேத்து சாயங்காலமே வெட்டி வுட்டுட்டேன், போ." நேற்று சாயங்காலம்தான் அவள் புகாரில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.